பலகைக்குக் கீழே அக்கா

“ஹலோ... ஆங், சொல்லுக்கா... ஹலோ... கேக்கலக்கா, இங்க டிரில்லு ஓடுது, இரு... யோவ் செல்லதுரை, அத நிறுத்துய்யா செத்த!... ஆங், இப்ப சொல்லு... யாரு? மாமாவா?... மாமா, நீங்களா பேசுறீங்க?”

பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஏணி மேல் நின்று பொய்க்கூரை சீலிங் அடித்துக்கொண்டிருந்தான் மணிவேல். கைப்பேசியில் லீலாவதி அக்காவின் பெயர்தான் வந்தது. குரல் மட்டும் அவள் கணவர் காசிநாதனுடையது. சர்க்கரை முற்றி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்ததிலிருந்து அவர் யாருக்கும் போன் போட்டதில்லை. யாராவது காதில் வைத்தால் ‘ம்’ என்பார், திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“மெதுவா சொல்லுங்க மாமா... எது சாயுது?... எந்தப் பலகை?... ஓ, தண்ணிப் பெட்டி வச்சிருக்கறதா? அது ஏன் சொவத்துல... யாரு மாட்டுனா?... சரி சரி, அத வுடுங்க. அக்கா எங்க?... அடியிலயா?... தோள்லயா தாங்கிக்கிட்டு நிக்கிறா!... மாமா, போன ஸ்பீக்கர்ல போடுங்க. போட்டு கட்டில் மேல வைங்க... போட்டுட்டீங்களா?”

அவன் ஏணியில் இரண்டு படி இறங்கி அங்கேயே உட்கார்ந்தான்.

“அக்கா... லீலாக்கா, நான் பேசுறது கேக்குதா?... நீ பேசாத. ம்னோ இல்லன்னோ சொன்னா போதும். மூச்ச மட்டும் அடக்காத, வுட்டு வுட்டு எடு. பலகை முன்னாடி சாஞ்சிருக்கா?... ரெண்டு பக்கமுமா?... எடது பக்கம். எடது பக்கம் மட்டும் புடுங்கிக்கிட்டு வந்திருக்கு. சரி. மேல பெட்டி நெறைய இருக்கா?... முழுசாவா? இந்த மாசத்துது முழுசும் அது மேலயா இருக்கு?... நேத்துதான் கொண்டாந்து எறக்குனாங்களா...”

காசிநாதனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஒரு வருஷம் ஆகிறது. வயிற்றில் போட்ட குழாய் வழியாக ஒரு பை டயாலிசிஸ் தண்ணீரை உள்ளே ஏற்றி, பழைய தண்ணீரை வெளியே இறக்க வேண்டும். தினம் நாலு தடவை. அரசாங்கத்தில் பைகளை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மாதம் ஒருமுறை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தூசி அண்டாத தனி அறை வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவர்கள் இருப்பதோ அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம். சிமெண்ட் ஊர், கதவைச் சாத்தினாலும் இடுக்கில் புகுந்து பாத்திரத்தில் படியும் தூசி. அதனால் மணிவேலே போய், அவர்கள் வீட்டுக் கூடத்தை ஜிப்சம் போர்டு வைத்து இரண்டாகத் தடுத்துக் கொடுத்தான். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்ததும் செங்கல் சுவருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. காலண்டர் மாட்டலாம், போட்டோ மாட்டலாம், பாரம் மட்டும் ஏற்றக் கூடாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தான். அப்போது தரையில்தான் பெட்டிகள் இருந்தன. பிறகு எலி வந்தது. ஒரு பெட்டியைக் கடித்து உள்ளே இருந்த பையையும் ஓட்டை போட்டுவிட்டது. காசிநாதனின் அண்ணன் மகன் வீரமணி பார்த்தான். சித்தப்பாவின் உயிர் இருக்கிற பெட்டியாயிற்றே என்று மறுநாளே பலகையும் அதைத் தாங்க இரும்பு ஆங்கிள்களும் வாங்கிவந்து, துளை போட்டு, பிளாஸ்டிக் கட்டையை அடித்து, ஸ்க்ரூவை முடுக்கி மாட்டிக் கொடுத்தான். எல்லாருக்கும் நிம்மதி. கட்டிலின் தலைமாடு பலகைக்குக் கீழே, சுவரிலிருந்து ஆள் நிற்கிற இடுக்கு விட்டு இருந்தது.

“பக்கத்து வூட்ல தனம் இல்லியா?... கத்திப் பாத்தீங்களா?... எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்களா... வாசக்கதவு? உள்ளுக்குத் தாப்பாளா?... ஆமா, தண்ணி மாத்துறப்ப போட்டுடுவா, தெரியும்... இருங்க... செல்லதுரை, ஒன் போன்ல நூத்தியெட்டுக்கு அடி. ரெட்டிபாளையம்னு சொல்லு, மாரியம்மன் கோயில் தெரு. ஆள் அடியில மாட்டப்போவுதுன்னு சொல்லு... இல்ல மாமா, இங்க ஒருத்தர்கிட்ட சொன்னேன். நீங்க சொல்லுங்க. குழாய் இப்ப வயித்துல மாட்டியிருக்கா?... தண்ணி ஏறுதா?... அத நிறுத்தணும். நிறுத்திட்டுக் கழட்டணும்... அக்காவால முடியாது மாமா. அவ கைய எடுத்தா அத்தனையும் ஒங்க மேல. நீங்கதான் கழட்டணும்.”

தண்ணீர் மாற்றும் நேரத்தில் காசிநாதன் தன் வயிற்றைப் பார்க்கவே மாட்டார். முகத்தைக் கூரைப்பக்கம் திருப்பிக்கொண்டு, யாருடைய உடம்புக்கோ நடக்கிறது போலக் கிடப்பார்.

“தெரியலைன்னா எப்புடி?... சரி, பாத்ததில்லன்னா பரவால்ல. அக்கா சொல்லட்டும். அக்கா, ஒண்ணொண்ணா சொல்லு, அவரு செய்யட்டும்... ம்... கையில மருந்து தேச்சுக்கிட்டீங்களா?... மாஸ்க்க மூக்கு வரைக்கும் ஏத்துங்க... ம்... மொதல்ல அந்தத் திருகை மூடுங்க... மூடியாச்சா?... இப்ப கழட்டுங்க... புது மூடி எங்க?... ஸ்டூல்லயா, எட்டுதா?... பிரிங்க. உள்பக்கம் வெரல் படக்கூடாது... அவசரப்படாம போடுங்க மாமா... ம்... ம்... அக்கா, சரியா போட்டிருக்காரா? நல்லாப் பாத்துச் சொல்லு... ஆங். அவ்வளவுதான். அவ்வளவுதான் மாமா.”

உடன் வேலை பார்க்கும் செல்லதுரை போனும் கையுமாக அவன் முகத்தையே பார்த்து நின்றான். வண்டி அரியலூரிலிருந்து கிளம்ப வேண்டும் என்று சைகை காட்டினான்.

“என்னக்கா?... என்ன சத்தம்?... சொவருலயா வெடிப்பு வுடுது?... எங்க, மேலயா?... சரி, பயப்படாத, போர்டு வெடிக்கறப்ப அப்புடித்தான் சத்தம் வரும்... வலிக்குதா? தெரியுதுக்கா. இன்னும் செத்த நேரம். மாமா, ஒங்க கைத்தடி எங்க?... அத எடுங்க. பலகைய முட்டுக் குடுக்க இல்ல, அதுக்கு அது தாங்காது. சொவத்துல தட்டுங்க. எடது பக்கம் புடுங்கியிருக்குல்ல, அந்த ஆங்கிளுக்கு நேர் கீழ. கதவத் தட்டுற மாதிரி மெதுவா.”

இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினான். அந்தச் சுவரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அவன் நிறுத்தியது. இரண்டடிக்கு ஒன்றாகத் தகரச் சட்டம், அதன் இரண்டு பக்கமும் போர்டு, நடுவில் வெறும் காற்று. சட்டத்தில் ஏறிய ஸ்க்ரூ நிற்கும். சட்டம் இல்லாத இடத்தில் ஏறியது அட்டை ஒட்டிய சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும்; பாரம் இழுக்க இழுக்க மாவாகும். வீரமணி துளை போட்ட இடங்களை அவன் பார்க்கவில்லை. காதால்தான் பார்க்க வேண்டும்.

“ம்... இன்னொரு தடவ... சரி. வெறும் டப்பா. அங்க ஒண்ணுமில்ல. இப்ப வலது பக்கம், கடைசி ஆங்கிளுக்குக் கீழ... தட்டுங்க... கொஞ்சம் தள்ளி... திரும்பவும்... அங்கதான்! அது கெட்டி. அந்த ஆங்கிள் அதுக்கு நேரா இருக்கா?... நேரா தான?... நல்லா பாத்துச் சொல்லுங்க மாமா, இதுல தப்புப் பண்ண முடியாது... ஆங். அப்ப வலது பக்கம் சட்டத்துல நிக்குது. அக்கா, கேட்டியா? வலது பக்கம் வுழாது. எடதுதான் கதவு மாதிரி தொறந்துக்கிட்டு வரும்.”

கேட்டாள் போல. ‘ம்’ என்று வந்தது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த ‘ம்’.

“மாமா, மொதல்ல நீங்க வெளிய வரணும். கால்மாட்டுப் பக்கமா நகருங்க... வாக்கர் வேணாம், அத நிமித்தி நிறுத்தி எந்திரிக்க நேரமில்ல. தரையில எறங்கித் தவழுங்க... என்னா?... அவ பாக்குறான்னா?... கட்டுன பொண்டாட்டி பாத்தா என்ன மாமா? தவழுங்க! குழாய வேட்டிக்குள்ள சொருகிக்கங்க, இழுபடக்கூடாது. போனயும் கையில எடுத்துக்கங்க... வந்துட்டீங்களா?... ரூம்ப வுட்டே வெளிய வாங்க, நெலப்படியத் தாண்டுங்க... அக்கா, தாண்டிட்டாரா?... தாண்டிட்டாரு. அப்பாடா.”

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆள் வெளியே வந்துவிட்டார். இனி அவள்தான். அது சுலபம் என்று நினைத்தான்.

“இப்ப நீ. சொல்றத நல்லாக் கேளு. பின்னாடி வராத. பின்னாடி வந்தா பலகை முன்னுக்குச் சாஞ்சு ஒன் மேலயே வுழும். சொவத்த ஒட்டிக்கிட்டே வலது பக்கமா போ. குனிஞ்சு, ஒரே மூச்சுல. எடது பக்கம் வுழட்டும், பெட்டியெல்லாம் அந்தப் பக்கம் சரியட்டும், நீ திரும்பிப் பாக்காத... என்னா?... என்ன ஒரு பெட்டிய?... எறக்கி வச்சிட்டு வர்றியா?... வேணாங்கறேன்ல!”

ஏணியிலிருந்து எழுந்துவிட்டான். கீழே கடையில் துணி எடுக்க வந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“அக்கா, அதெல்லாம் போனாப் போவுது... தெரியும், அடுத்தது அடுத்த மாசந்தான் வரும், தெரியும்... சாயந்திரத்துக்கு நான் வாங்கியாறேன். திருச்சிக்குப் போயாவது வாங்கியாறேன்... கைய எடுக்காத... ஒரு கையால நீ தாங்க மாட்ட, ரெண்டு கைக்கே அது வழிவுடல... நீ இருந்தாத்தானக்கா அவருக்குத் தண்ணி? நீ இல்லாம அந்தப் பைய வச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு?... லீலாக்கா, ஒன்ன கும்புடுறேன்... மாமா, நீங்க சொல்லுங்க அவகிட்ட! வலது பக்கமா வரச் சொல்லுங்க!... வலது பக்கமா வாக்கா! வலது—”

லாரியிலிருந்து சுண்ணாம்புக் கல்லைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம் காதுக்குள் இறங்கியது. அதற்குள்ளேயே ஒரு சின்னக் குரல் இருந்ததா இல்லையா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. பிறகு ஏதோ ஒன்று உருண்டு நின்றது. அப்புறம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும்.

“அக்கா?... அக்கா!... மாமா, லைன்ல இருக்கீங்களா?... மாமா!... என்னா ஆச்சு சொல்லுங்க... மாமா, கத்தாதீங்க, என்னா ஆச்சுன்னு சொல்லுங்க!”

செல்லதுரை அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினான். பைக்கை முடுக்கினான். மணிவேல் பின்னால் ஏறிக் குனிந்து, செல்லதுரையின் முதுகு மறைவில் போனை வைத்துக் காதோடு அழுத்திக்கொண்டான். கடைத்தெரு, சிக்னல், ஹாரன், எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

“கிளம்பிட்டேன் மாமா, வந்துக்கிட்டே இருக்கேன். எது மேல கெடக்கு?... பலகையும் பெட்டியுமா? அவ மொகம் தெரியுதா?... மூச்சு வருதா பாருங்க, மூக்குக்கிட்ட கைய வச்சு... வருதா? வருதா மாமா?... வருது. சரி. வருது.”

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அவன் தானும் மூச்சு விட்டான்.

“மேல கெடக்குறத மொதல்ல எடுங்க. அடியில இருக்கறதப் புடிச்சு இழுக்காதீங்க, சரிஞ்சு வரும். தரையில ஒக்காந்துக்கிட்டே ஒவ்வொண்ணா ஓரத்துக்குத் தள்ளுங்க... முடியும் மாமா. ஆலையில மூட்ட தூக்குன தோளு அது, காலுதான் போச்சு... ம்... தள்ளுங்க... பலகை அசையுதா?... ஒரு முனைய மட்டும் தூக்கி அந்தப் பக்கம் சாச்சு வுடுங்க... அவள இழுக்காதீங்க! அவள அசைக்கவே கூடாது. பெட்டிய எடுங்க, அவ கெடக்குற மாதிரியே கெடக்கட்டும்.”

அரியலூர் போகும் வழியில் பேரளியைத் தாண்டியபோது எதிரே சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது காற்று அறைந்து குரலைத் தின்றது. “என்னா சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க” என்று ஒவ்வொரு முறையும் கத்தினான்.

“கண்ணத் தொறந்துட்டாளா!... அவ காதுகிட்ட வைங்க போன... அக்கா, நாந்தான். பேசாத. எங்க வலி?... தோளா? இன்னும் எங்க?... இடுப்புல?... வலிக்கவே இல்லியா இடுப்புல?... மாமாகிட்ட குடு. மாமா, அவ காலத் தொட்டுப் பாருங்க. தொடுறது தெரியுதான்னு கேளுங்க... கிள்ளிப் பாருங்க... வெரல ஆட்டச் சொல்லுங்க... ஆடலியா?... ரெண்டு காலுமா?”

செல்லதுரை லேசாகத் திரும்பிப் பார்த்தான். மணிவேல் அவன் தோளைத் தட்டி, ரோட்டைப் பார்க்கச் சொன்னான்.

“மாமா, இப்ப நான் சொல்றத அப்புடியே செய்யுங்க. அவ கழுத்தத் திருப்பக் கூடாது. இடுப்பத் திருப்பக் கூடாது. தலகாணி வைக்காதீங்க. தண்ணி குடுக்காதீங்க... கேட்டாலும் குடுக்காதீங்க. தரை ஈரமா இருந்தா இருக்கட்டும்... ஒண்ணும் ஆவாது மாமா. அடி பட்டதுல அப்புடித்தான் மரத்துப் போவும். எனக்கென்ன தெரியும், டாக்டரு பாத்துச் சொல்லட்டும்... நீங்க அவ முன்னாடி அழுவாதீங்க. ஆம்புலன்சு வந்துடும். அவ என்ன கேக்குறா?... என்கிட்டயா?... வைங்க... என்னக்கா?... பையா?... எனக்கெப்புடித் தெரியும், மாமாவக் கேளு...”

பைகள் எல்லாம் அப்படியே இருப்பதாகக் காசிநாதன் அவளிடம் சொல்வது கேட்டது. பெட்டிதான் நசுங்கியது, பை ஒன்றுகூடக் கிழியவில்லை என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி மணிவேல் கேட்டு வருஷமாகிறது. அவர் குரலுக்குப் பின்னால், போனுக்கு வெகு அருகில், தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

“கேட்டியாக்கா? மாமா சொல்றாருல்ல. எல்லாம் நல்லா இருக்கு. நீ கண்ண மூடாம மாமாவையே பாத்துக்கிட்டு இரு... மாமா, கதவு. வாசக்கதவ யாரு தொறப்பா? வண்டி வந்தா உள்ள வரணும்ல... மேல் தாப்பாளா? கீழ் தாப்பாள் இல்லியா?... அப்ப எந்திரிச்சுத்தான் ஆவணும். வாக்கர எடுங்க... அவகிட்ட சொல்லிட்டுப் போங்க, இந்தா வந்துடுறேன்னு சொல்லுங்க. போன அவகிட்டயே வுட்டுட்டுப் போங்க... அக்கா, நாந்தான் இருக்கேன். மாமா கதவு தொறக்கப் போறாரு. பாரு, அவரே போறாரு.”

வாக்கர் தரையில் இழுபட்டு நிற்கும் சத்தம். மறுபடி இழுபட்டு நிற்கும் சத்தம். எங்கோ விழப்போய்ச் சமாளித்தது போல ஒரு தடுமாற்றம். அக்காவின் மூச்சு போனுக்குள் சீறிச் சீறி வந்தது. மணிவேல் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தான். பேச்சை நிறுத்தினால் அந்த மூச்சும் நின்றுவிடும் என்று அவனுக்குப் பட்டது. கடைசியில் இரும்புத் தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே நாய் குரைத்தது. ஆட்கள் ஓடிவரும் சத்தம், தனத்தின் அலறல், அதற்கும் பின்னால் சைரன்.

“யாரு?... நூத்தியெட்டா? சார், நான் அவங்க தம்பி பேசுறேன், மணிவேல். வந்துக்கிட்டு இருக்கேன் சார், பாதி தூரத்துல இருக்கேன்... ஆமா சார், யாரும் அசைக்கல. அப்புடியேதான் கெடக்குறாங்க... கால்ல உணர்ச்சி இல்லங்குறாங்க சார்... பலகையிலயே கட்டித் தூக்குங்க, ஒங்களுக்குத் தெரியாததா... அரியலூர் ஜிஎச்சுக்குத்தான? நேரா அங்க வந்துடுறேன்.”

முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. செல்லதுரை ஹாரனை அழுத்தியபடியே ஒதுங்கி முந்தினான். மணிவேல் போனை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

“சார், இன்னொண்ணு. வயித்துல குழாயோட ஒருத்தரு நிக்கிறாருல்ல, அவங்க வூட்டுக்காரரு. இன்னைக்கு ஏத்துனது பாதியில நின்னுபோச்சு. அவருக்குத் தண்ணி மாத்தணும். கைவசம் பையும் இல்ல. ஆஸ்பத்திரில சொல்லிடுங்க சார்... ஆமா, அவரும் வர்றாரு... இல்ல சார், வேற யாரையும் ஏத்தாதீங்க, அவர ஏத்துங்க... ஒரு காலுதான் சார், தெரியும். ரெண்டு பேரு புடிச்சா ஏறிடுவாரு... ரெண்டு பேஷண்ட் ஏத்த முடியாதா?”

அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தமும், அக்காவின் கையை விட மாட்டேன் என்று காசிநாதன் யாரிடமோ சண்டை போடுவதும் கேட்டது.

“சார்... சார், அவரு பேஷண்ட் இல்ல. இன்னைக்கு அவரு கூட வர்ற ஆளு. அப்புடி எழுதிக்கங்க... ஆமா சார். பேரு காசிநாதன்... எங்கக்காவுக்குக் கூட வர்ற ஆளு அவருதான்... ஹலோ?... ஏத்திட்டீங்களா சார்?... ஹலோ...”

வாக்கர் வண்டிக்குள் இடித்து ஏறும் சத்தமும், வண்டிக்கதவு சாத்தப்படும் சத்தமும் கேட்டன. லைன் அறுந்தது.